வேறு சபை விசுவாசிகளைக் குற்றம் சொல்வது தவறா? கிறிஸ்தவர்களுக்குள் ஒற்றுமை சாத்தியமா?

கேட்டவர் தன் சங்கடத்தையும் எழுதியிருக்கிறார். அவர் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர். வீட்டில் மற்றவர்கள் பழைய சபையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் செய்வது வேதத்துக்கு விரோதம் என்று தெரிந்தும் பேசாமல் இருந்தால் அது பாவமாகாதா என்கிறார்.

நானும் அதே இடத்தில் நின்றவன். எனக்குக் கடலூர் முதுநகர், லுத்தரன் என்ற புராட்டஸ்டண்ட் சபைக் குடும்பம். 24 வயதில் பெந்தெகொஸ்தே சபையில் ஞானஸ்நானம் எடுத்தேன். அந்த நாளை இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் தண்ணீரிலிருந்து கரையேறிய கையோடு குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தீர்ப்பு எழுத ஆரம்பித்துவிட்டேன். அப்பா பேர்க் கிறிஸ்தவர். அத்தை விக்கிரகாராதனைக்காரி.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. புதுச்சேரியில் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வில்லியனூரில் இருந்தார். பள்ளி விடுமுறை விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். 2009-ல் அவர் இறந்தபோது, வீட்டில் மாதாவை நோக்கிச் சொல்லும் செபமாலையைத் தொடங்கியதும் நான் எழுந்து வெளியே வந்து தெருவில் நின்றுகொண்டேன். சித்திரை வெயில். நான் நிற்பதை எல்லாரும் பார்க்க வேண்டும் என்றேதான் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அத்தையின் மூத்த மகன் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பின்னால் போட்டார். "உக்காரு மாப்ள, வெயில் ஏறுது" என்றார். பெற்ற தாயை நடுவீட்டில் கிடத்தியிருந்த மனிதர் அவர். திரும்ப உள்ளே போய், விட்ட இடத்திலிருந்து செபத்தைத் தொடர்ந்தார். அப்போதும் நான் உட்காரவில்லை.

அந்த நாற்காலி சில வருஷம் கழித்துத்தான் என்னைக் குத்த ஆரம்பித்தது. என் மனைவி காதில் சின்னத் தோடு போட்டிருந்தாள், அவள் அம்மா கொடுத்தது. அதைக் கழற்றாமல், சபையில் அப்பம் பகிரும் இராப்போஜனத்தை எடுக்க வேண்டாம் என்று எங்கள் சபை மூப்பர் ஒருவர் சொல்லிவிட்டார். எல்லார் கையிலும் அப்பம் போகிறது, இவள் மடியில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வாரம்தான், பவுல் ரோமாபுரி விசுவாசிகளுக்கு எழுதிய கடிதமான ரோமர் 14-ஆம் அதிகாரத்தை நான் உண்மையாகவே வாசித்தேன் என்று சொல்ல வேண்டும்.

அங்கே சண்டை இறைச்சி தின்னலாமா, காய்கறி மட்டும் தின்ன வேண்டுமா, எந்த நாளை விசேஷமாக எண்ணுவது என்பதைப் பற்றி. தன்னளவில் தீட்டுள்ளது எதுவும் இல்லை என்பது பவுலின் சொந்த முடிவு. அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் அதை எதிர்த் தரப்பின் தலையில் அவர் கட்டவில்லை. மூன்றாம் வசனத்தை நிதானமாகப் பாருங்கள். "புசிக்கிறவன் புசியாதிருக்கிறவனை அற்பமாயெண்ணாதிருப்பானாக, புசியாதிருக்கிறவனும் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்காதிருப்பானாக." இரண்டு தரப்புக்கும் ஒரே புத்தி சொல்லவில்லை அவர். தாராளமாக இருப்பவனுக்கு வரும் வியாதி ஏளனம். கண்டிப்பாக இருப்பவனுக்கு வரும் வியாதி தீர்ப்பு.

நம் ஊரில் இது அப்படியே இருக்கிறது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் வீடுகளில் பெந்தெகொஸ்தேகாரர்களை 'அல்லேலூயா கூட்டம்' என்று சொல்லிச் சிரிப்பதை நான் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அது அற்பமாயெண்ணுவது. பிறகு நான் செய்தது குற்றவாளியாகத் தீர்ப்பது. சிரித்தவர்கள் தங்களை நியாயந்தீர்க்காதவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பவுல் அவர்களையும் விடவில்லை.

அடுத்த வசனம் இன்னும் நேரடியானது: "மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?" அடுத்த வீட்டு வேலையாளை நான் போய் அதட்டினால் அது வேலையாள் விஷயமாக நிற்காது, அந்த வீட்டு எஜமானை அவமதித்ததாகிவிடும். அத்தை நின்றாரா விழுந்தாரா என்று கணக்குக் கேட்கிற எஜமான் நான் இல்லை.

அப்படியானால் எதையுமே கேட்கக் கூடாதா? கேட்டுத்தான் ஆக வேண்டிய இடமும் உண்டு. அந்தியோகியாவில் பவுல் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார். பேதுரு செய்த தப்பு, யூதரல்லாத புறஜாதியாரோடு ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபையின் யாக்கோபினிடத்திலிருந்து யூதர் சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டது. பந்தியில் எதைத் தின்கிறாய் என்று பவுல் சண்டை போடவில்லை. பந்தியைப் பிரித்ததற்குத்தான் சண்டை போட்டார்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புரியும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் 1745-ல் எழுதிவைத்திருக்கிறார். இங்கே கத்தோலிக்கக் கோவிலுக்குள்ளேயே ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களைத் தனியே ஒதுக்கி ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் அதைப் பற்றிப் பேச, அந்த மக்களே பெரிய குருவிடம் போய் நியாயம் கேட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. அவர்களைப் பார்த்து "நியாயந்தீர்க்காதிருங்கள்" என்று வசனம் சொல்லியிருந்தால் அது அக்கிரமம். சாதி பார்க்கிற சபைகளில் இன்றைக்கும் சிலர் அப்படித்தான் வாயை அடைக்கிறார்கள். தோட்டுக்கும் செபமாலைக்கும் வரிந்து கட்டுகிற நாம் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கு ஒரு மூலை என்றால் பேசாமல் இருக்கிறோம். எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு.

ஒற்றுமை சாத்தியமா என்ற கேள்விக்கும் எங்கள் ஊர்ச் சரித்திரமே இருக்கிறது. 1749-ல் ஆங்கிலேயக் கம்பெனி, அரசியல் சூழ்ச்சி செய்கிறார்கள் என்று கத்தோலிக்கக் குருமாரைத் தன் எல்லையைவிட்டு வெளியேற்றி, கடலூரில் இருந்த அவர்களுடைய கோவிலைக் கீர்நாந்தர் என்ற புராட்டஸ்டண்ட் மிஷனரியிடம் கொடுத்தது. அது கிறிஸ்து ஆலயம் என்று பேர் மாறியது. ஒன்பதே வருஷம். 1758-ல் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடித்தது, கீர்நாந்தரும் ஊரைவிட்டுக் கல்கத்தாவுக்குப் போனார். இரண்டு ராஜாக்களின் சண்டையில் கைமாறிய கோவில். 'நாங்கள்', 'அவர்கள்' என்று நாம் பேசுவதில் எவ்வளவு வேதத்திலிருந்து வந்தது, எவ்வளவு பீரங்கியிலிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

சேர்ந்ததும் நடந்திருக்கிறது. 1919-ல் தரங்கம்பாடியில் கூடிப் பேசியவர்களின் விருப்பம், 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபையாக உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் என்று தனித்தனியாய் இருந்தவர்கள் ஒன்றானார்கள். இருபத்தெட்டு வருஷம் பேசியிருக்கிறார்கள். நான் பிறந்த தமிழ் லுத்தரன் சபை அதில் சேரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 1995-ல் கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து உழைத்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வந்தது. என் மேசையில் அதுவும் பழைய மொழிபெயர்ப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

வீட்டில் என்ன செய்வது என்றுதானே கேட்டீர்கள். உங்கள் நிச்சயத்தை விட வேண்டாம். நானும் விடவில்லை. அவர்கள் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவர்கள் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணும்போது 'அவர்களைத் திருத்தும்' என்பதோடு நிறுத்தாமல், அவர்களுக்காக நன்றியும் சொல்லிப் பாருங்கள். எனக்கு அதற்கே பல மாதம் ஆனது.

அத்தானிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அந்த நாற்காலியே ஞாபகம் இல்லை. இப்போது வருஷா வருஷம் நவம்பர் 2-ஆம் தேதி, கல்லறைத் திருநாளுக்குக் காலையிலேயே பஸ் ஏறிவிடுவேன். மெழுகுவத்தி நான் ஏற்றுவதில்லை, அவரும் என்னிடம் நீட்டுவதில்லை. அவர் செபம் சொல்லி முடிக்கும் முன் நான் சுற்றிலும் புல்லைப் பிடுங்கி, அத்தையின் சிலுவைக்கு வெள்ளையடித்துவிடுவேன்.