காரணம் சொல்லாமல் போவது

அன்புள்ள அக்கா,

கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள் நான். வயது 27. காலையில் 100 பஸ், கோட்டையில் வேலை, இரவு திரும்பவும் அதே பஸ். அன்றாட வாழ்க்கையே சிறையாகத் தெரிகிறது. வேலையை விட்டுவிட்டு ஐரோப்பாவில் மூன்று மாதம் தனியாகச் சுற்ற நினைக்கிறேன். கட்டுநாயக்காவில் விமானம் ஏறினால்தான் எனக்கு விடுதலை. அம்மாவுக்கு இது விளங்காது. 1994 இல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடல்நீரேரியால் கொழும்புக்கு வந்தவர், சந்தையும் கோயிலும் தவிர எங்கும் போனதில்லை. எந்த நாட்டில் தொடங்கலாம்?

அன்புள்ள தங்கச்சி,

எந்த நாடு என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. டிக்கெட் எங்கே மலிவோ அங்கே தொடங்குங்கள். வேலையைப் பற்றி ஒன்று மட்டும்: ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு வேலையிடத்துக் கடிதம், வங்கிக் கணக்கு விபரம், தங்குமிடம், திரும்பிவரும் டிக்கெட் எல்லாம் பார்ப்பார்கள். வேலையை விட்டுவிட்டுப் போய் நின்றால், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று அவர்களை நம்பவைப்பது கஷ்டம். லீவு கேட்டுப் பாருங்கள்.

அந்தப் படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்ன என்றும் கேட்டிருக்கும். உங்கள் கடிதத்தை வாசித்ததிலிருந்து அந்தக் கேள்விதான் மனதில் நிற்கிறது. கட்டுநாயக்காவில் விடுதலை தொடங்குகிறது என்கிறீர்கள். எங்கள் பாஸ்போர்ட்டோடு போகிறவருக்கு அங்கேதான் பதில் சொல்லும் வேலை தொடங்குகிறது. ஏன் வந்தாய், எத்தனை நாள், யார் வீட்டில், கையில் எவ்வளவு காசு. போகவேண்டாம் என்று சொல்லவில்லை, போங்கள். ஆனால் இன்று நீங்கள் யாருக்கும் காரணம் சொல்லாமல் நடந்து திரியும் ஊரைச் சிறை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம்.

தொண்ணூறுகளில் நான் வெள்ளவத்தையில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தேன். ஒரு பின்னேரம் கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கையில் சோதனைக்காக என்னை மறித்தார்கள். ‘கொஹெத யன்னே?’ எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார்கள். கடல் பார்க்கப் போகிறேன் என்றேன். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்தில் கடல் இல்லையா என்று கேட்டார்கள். நான் அவர் வீட்டில் இருப்பதாகப் பொலிஸில் பதிந்த துண்டோடு வீட்டுக்கார அம்மா வந்து சேரும்வரை அந்த ஒழுங்கையிலேயே நின்றேன். அக்கம்பக்கத்தார் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒரு தமிழ்ப் பெண் கொழும்பில் நடமாட அவர்கள் ஏற்றுக்கொண்ட காரணங்கள் இருந்தன: வேலை, வைத்தியம், பாஸ்போர்ட் எடுப்பது. கடல் பார்ப்பது அதில் இல்லை.

அதற்குப் பிறகு வெளியே இறங்கும்போதெல்லாம் கையில் ஒரு வெறும் பை வைத்திருப்பேன். கேட்டால், பாண் வாங்கப் போகிறேன். அந்தப் பதிலை யாரும் மறுக்கவில்லை. கடலையும் பார்த்தேன், ஆனால் பாண் வாங்கப் போகிறவளாகத்தான் பார்த்தேன். கொஞ்சம் பார்ப்பேன், திரும்பிவிடுவேன்.

2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழர்களை விடியற்காலையில் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். தங்கியிருக்கத் தகுந்த காரணம் இல்லையாம். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. நாட்டுக்குள் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் பிரஜைக்குச் சுதந்திரம் உண்டு என்று 1978 அரசியலமைப்பின் 14 ஆவது உறுப்புரை சொல்கிறது. அந்த உறுப்புரை இருந்த நாட்டில்தான் நான் பையோடு திரிந்தேன்.

இனி உங்கள் அம்மா. கிளாலியால் வந்தவரை எங்கும் போகாதவர் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வரும் ஆனையிறவுத் தரைப்பாதை அப்போது மூடியிருந்தது. வெளிக்கிடுவதற்கே புலிகள் இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். அப்புறம் இரவில் படகு. அந்தக் கடல்நீரேரியில் சூடுபட்டுச் செத்தவர்கள் இருக்கிறார்கள். வன்னியைக் கடந்து வவுனியாவுக்கு வந்தால் திரும்பவும் விசாரணை. கொழும்பில் இன்னொன்று. இத்தனை பேருக்குக் காரணம் சொல்லி முடித்த ஒருவர், இன்று யாரையும் கேட்காமல் சந்தைக்குப் போகிறார், கோயிலில் விரும்பிய நேரம் இருந்துவிட்டு வருகிறார். அதைச் சின்ன வாழ்க்கை என்று நினைக்காதீர்கள். அவருக்கு விளங்காதது எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை.

உங்கள் களைப்பு உண்மையானது என்று எனக்குத் தெரியும். காலையில் காலி வீதியில் கால் வைக்க இடமில்லாத பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவருக்கு எல்லாம் வெறுத்துத்தான் போகும். ஆனால் உங்கள் நீண்ட கடிதத்தில் பாதிக்கு மேல் ஏன் போக வேண்டும் என்று எனக்கு விளங்கப்படுத்தியிருக்கிறீர்கள். தன்னைக் கண்டுபிடிக்க, அனுபவம் சேர்க்க, எழுத. அதையெல்லாம் இங்கே குறைத்துத்தான் தந்திருக்கிறேன். நான் என்ன, சோதனைச்சாவடியா? போக ஆசை, போகிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் சந்தோசப்பட்டிருப்பேன்.

இந்தச் சனிக்கிழமை வெள்ளவத்தை ஸ்டேசனில் தெற்கே போகும் ரயிலில் ஏறுங்கள். பாணந்துறையோ அளுத்கமையோ, மனம் சொன்ன இடத்தில் இறங்குங்கள். அம்மாவையும் கூப்பிட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் வற்புறுத்தவேண்டாம். விசா கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். என்னிடம் நல்ல குளிர் உடுப்பு ஒன்று சும்மா கிடக்கிறது, தந்துவிடுகிறேன்.