கொலுசு 250 கிராம், அதுல வெள்ளி எத்தனை கிராம்?

வெள்ளி விலை ஏற ஆரம்பிச்சதுலேருந்து நமக்கு வர்ற கேள்விங்கள்ல பாதி அதைப் பத்தித்தான், அதனால இந்த வாரம் முழுக்க வெள்ளிக்கே விட்டாச்சு. ரேட்டு தினமும் மாறுது. கணக்கு புரியணும்கறதுக்காக சுத்த வெள்ளி கிராம் 200 ரூபாய்னு வச்சு எழுதியிருக்கேன், நீங்க கடைக்குப் போற அன்னிக்கு ரேட்டைப் போட்டுப் பாத்துக்கோங்க.

கேள்வி: பொண்ணுக்கு கொலுசு பாத்தோம் சார். ஒரு கடையில செய்கூலி இல்ல, சேதாரம் இல்ல, எடைக்கு மட்டும் காசுங்கறாங்க. இன்னொரு கடையில 925 வெள்ளி, ஆனா 20 பர்சென்ட் செய்கூலின்னு சொல்றாங்க. ரெண்டும் 250 கிராம்தான். எங்க வாங்கலாம்? – வாசகி, தருமபுரி

பதில்: முதல் கடையில டச் என்னன்னு கேட்டீங்களாம்மா? அதைக் கேக்காம இதுக்கு பதிலே சொல்ல முடியாது. டச்னா நூத்துக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளிங்கறது. 925ங்கறது ஆயிரத்துக்கு போடற கணக்கு, அதாவது 92.5 டச். உங்க பக்கத்துல சேலம் இருக்கே, செவ்வாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, சிவதாபுரம்னு அந்த ஏரியா பட்டறைங்கள்ல ஆர்டர் குடுக்கறவங்க கேக்கற டச்சுக்கு கொலுசு செஞ்சு குடுப்பாங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்ல. செம்பு கலந்தாத்தான் தினமும் போட்டு நடக்கற கொலுசு தேயாம நிக்கும், வளையத்தை வளையத்தோட பத்தவைக்கறதுலயும் டச் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனா 75 டச் கொலுசை சுத்த வெள்ளி ரேட்டுல எடை போட்டு வித்தா செய்கூலி எங்க போச்சுன்னு யோசிக்கணும்ல.

அந்த முதல் கொலுசு 75 டச்னு வச்சுக்கோங்க. 250 கிராமுக்கு பில்லு 50,000 ரூபாய், உள்ள இருக்கற வெள்ளி 187.5 கிராம், அதோட மதிப்பு 37,500. மிச்சம் 12,500 ரூபாய்தான் செய்கூலி, பேரு மட்டும் போடல. ரெண்டாவது கடையில 50,000த்தோட செய்கூலி 10,000 சேத்து 60,000 ஆகுது, ஆனா உள்ள 231.25 கிராம் சுத்த வெள்ளி இருக்கு. சுத்த வெள்ளி ஒரு கிராமுக்கு நீங்க குடுக்கறது என்னன்னு வகுத்துப் பாத்தா முதல் கடையில சுமார் 267 ரூபாய், ரெண்டாவதுல சுமார் 259. செய்கூலி இல்லாத கடைதான் விலை ஜாஸ்தி! 3 பர்சென்ட் ஜிஎஸ்டி ரெண்டு பில்லுக்கும் உண்டு, அதை விட்டுடுங்க.

நாளைக்கு மாத்தப் போகும்போது இது இன்னும் நல்லா தெரியும். விக்கறப்போ 250 கிராமுக்கும் சுத்த வெள்ளி காசு வாங்கினவங்க, திருப்பி எடுக்கறப்போ மட்டும் டச் பாத்து 187 கிராமுக்குத்தான் தருவாங்க. அதனால எங்க வாங்கினாலும் டச்சை பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னா அடுத்த கடைக்குப் போயிடுங்க, கொலுசுக் கடைக்கா பஞ்சம்?

கேள்வி: தங்கம் மாதிரி வெள்ளிக்கும் ஹால்மார்க் கட்டாயமா? கடையில மெஷின்ல வச்சுக் காட்டினா நம்பலாமா? – வாசகர், மதுரை

பதில்: கட்டாயம் இல்ல, கடைக்காரர் விருப்பப்பட்டா போட்டுக்கலாம். 2025 செப்டம்பர் 1லேருந்து வெள்ளிக்கும் ஹால்மார்க் போட்டா எச்யூஐடின்னு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடத் தனி அடையாளக் குறி உண்டு, ஹால்மார்க்கைக் கவனிக்கற அரசு அமைப்போட பிஐஎஸ் கேர் ஆப்ல அதை அடிச்சா அந்த நகையோட விவரம் வரும். 800க்கு, அதாவது 80 டச்சுக்கு கீழ ஹால்மார்க்கே கிடையாது, அதனால 70 டச், 75 டச் கொலுசுல முத்திரையைத் தேடாதீங்க.

மெஷின் விஷயம் கொஞ்சம் உஷாரா இருக்கணும். அந்த எக்ஸ்ரே மெஷின் பொருளோட மேல்பரப்பைத்தான் படிக்கும். மேல கனமா வெள்ளி முலாம் ஏத்தியிருந்தா அது நல்ல டச்சாத்தான் காட்டும், உள்ள இருக்கறது அதுக்குத் தெரியாது. குத்துவிளக்கு, சாமி சிலை மாதிரி உள்ள குழிவா இருக்கற சாமான்ல அரக்கு அடைச்சிருப்பாங்க, அந்த எடையும் தராசுல ஏறும். வாங்கறப்போ மொத்த எடை எவ்வளவு, வெள்ளி எடை எவ்வளவுன்னு தனித்தனியா கேளுங்க. பழசு விக்கறதா இருந்தா உங்க கண்ணு முன்னாடி உருக்கி டச் பாக்கறதுதான் ரெண்டு பேருக்கும் நியாயம்.

கேள்வி: பாட்டி பெட்டியில ராணி தலை, ராஜா தலை போட்ட பழைய ஒத்த ரூபா காசு ஒரு சுருக்குப்பை நிறைய இருக்கு. எல்லாமே வெள்ளியா? என்ன விலை போகும்? – வாசகி, காரைக்குடி

பதில்: எல்லாமே இல்லம்மா, வருஷத்தைப் பாத்து மூணா பிரிங்க. விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், அஞ்சாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாயெல்லாம் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா எடை, டச் கிட்டத்தட்ட 91.7. ஒரு காசுல சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி இருக்கு, நம்ம 200 ரூபா கணக்குப்படி 2,140 ரூபாய் கிட்ட வரும், தேஞ்சிருந்தா கொஞ்சம் குறையும். 1940லேருந்து 1945 வரைக்கும் வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில வெள்ளி பாதிதான், உலகப்போர் சமயத்துல வெள்ளி தட்டுப்பாடு, அதனால மீதிக்கு செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்துட்டாங்க. அதுல 5.8 கிராம்தான் தேறும். 1946, 47 போட்டதுல வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். காந்தம் வச்சா ஒட்டும், ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கற காந்தமே போதும்.

ஒண்ணு மட்டும் தயவுசெஞ்சு கேளுங்க, புளி போட்டு பளபளன்னு தேய்ச்சு எடுத்துட்டுப் போகாதீங்க, தேய்ச்ச காசுக்கு சேகரிக்கறவங்க கிட்ட மதிப்பு விழுந்துடும். 1939னு போட்ட ரூபாய் ஒண்ணு கிடைச்சா அதை எடைக்குப் போடவே கூடாது, அது அபூர்வம், போலியும் நிறைய சுத்துது, தெரிஞ்சவங்க கிட்ட காட்டிட்டு முடிவு பண்ணுங்க.

கேள்வி: உலக மார்க்கெட்ல வெள்ளி டாலர்ல அவுன்ஸ் கணக்கா சொல்றாங்க, நான் கிலோவுக்கு மாத்திப் பாத்தா நம்ம ஊர் ரேட்டோட ஒத்துப்போகவே மாட்டேங்குது. ஏமாத்தறாங்களா? – வாசகர், திருப்பூர்

பதில்: ஏமாத்து இல்ல, நீங்க போட்டது சமையல் அவுன்ஸா இருக்கும், அது 28.35 கிராம். வெள்ளி, தங்கத்துக்கெல்லாம் டிராய் அவுன்ஸ், 31.1 கிராம். ஒரு கிலோவுக்கு 32.15 டிராய் அவுன்ஸ். அவுன்ஸ் 50 டாலர், டாலர் 88 ரூபாய்னா கிலோ 1,41,460 ரூபாய். இதுக்கு மேல சுங்க வரி, 2024 ஜூலை பட்ஜெட்ல 15லேருந்து 6 பர்சென்டா குறைச்சாங்களே, 2025ல இருந்த அந்த 6ஐ சேத்தா கிட்டத்தட்ட 1,50,000. அப்புறம்தான் ஜிஎஸ்டி.

அப்பவும் சில நாள் ஒத்துப்போகாது. 2025 அக்டோபர்ல தீபாவளி நேரம் ஞாபகம் இருக்கா? லண்டன்ல 1980, 2011 உச்சத்தையெல்லாம் தாண்டி அவுன்ஸ் 50 டாலருக்கு மேல போச்சு, இங்க கையில கிடைக்கற சரக்கே இல்ல, சென்னையில கிலோ 2 லட்சத்தைத் தாண்டிடுச்சு. டாலர் கணக்குப்படி வரவேண்டியதை விட பல ஆயிரம் ஜாஸ்தி. தட்டுப்பாடு தீர்ந்ததும் மாசக் கடைசிக்குள்ள மளமளன்னு இறங்கினது தனிக்கதை. ஈயம், துத்தநாகம், செம்பு எடுக்கற சுரங்கத்துல கூட கிடைக்கறதுதான் வெள்ளியில பெரும்பங்கு, அதனால விலை ஏறுச்சுன்னு உடனே தோண்டி ஜாஸ்தியா எடுக்கவும் முடியாது. சோலார் பேனல்காரங்க வேற போட்டிக்கு நிக்கறாங்க.

கேள்வி: ஜெர்மன் சில்வர் தட்டு செட்டு சீருக்கு வாங்கலாமா, பின்னாடி விக்க முடியுமா? – வாசகி, விழுப்புரம்

பதில்: அழகுக்கு தாராளமா வாங்கலாம். செம்பு, நிக்கல், துத்தநாகம், அவ்வளவுதான், வெள்ளி ஒரு பொட்டு கூட இல்ல. பின்னாடி பாத்திரக்கடையில எடைக்குப் போடலாம்.

கேள்வி: வெள்ளியை பேங்க்ல அடகு வைக்கலாம்னு சொல்றாங்களே? – வாசகர், திருச்சி

பதில்: 2026 ஏப்ரல் 1லேருந்து ரிசர்வ் பேங்க்கோட புது விதிப்படி வெள்ளி நகை 10 கிலோ வரைக்கும், காசு 500 கிராம் வரைக்கும் அடமானமா எடுத்துக்கலாம். கட்டி வெள்ளி, பார் எல்லாம் எடுக்க மாட்டாங்க. கடன் இரண்டரை லட்சத்துக்குள்ளன்னா மதிப்புல 85 பர்சென்ட் வரைக்கும் தரலாம், அதுக்கு மேல போகப் போக 80, 75ன்னு குறையும். எடுத்தே ஆகணும்னு எந்த பேங்க்குக்கும் கட்டாயம் இல்ல, அதனால மூட்டையைத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி உங்க கிளையில ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அங்கயும் டச் பாத்துத்தான் மதிப்பு போடுவாங்க, பில்லு இருந்தா கையோட கொண்டு போங்க.