கணினி கேள்வி - பதில்: பூட்லோடரை எந்த வட்டில் நிறுவுவது?

கேள்வி: திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்தி வருகிறோம். அலுவலகக் கணினியின் பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோசும் டேலி கணக்கு மென்பொருளும் உள்ளன. இப்போது ஓர் எஸ்எஸ்டி வாங்கிப் பொருத்தி, அதில் உபுண்டு இயங்குதளத்தை நிறுவ முயல்கிறேன். பூட்லோடரை எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்டு, எஸ்டிஏ, எஸ்டிஏ1, எஸ்டிபி எனப் பட்டியல் வருகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? தவறினால் கணக்குகள் அழிந்துவிடுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: கணினியைப் போட்டதும் இயங்குதளத்தைத் திறந்துவிடும் சிறு நிரலே பூட்லோடர். அது இடம் மாறியதால் மட்டும் கணக்குகள் அழிவதில்லை, விண்டோஸ் திறக்காமல் போகலாம், அவ்வளவுதான். தரவுக்கு ஆபத்து, எந்த வட்டை அழித்துப் பிரிப்பது என்று தேர்ந்தெடுக்கும் கட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே டேலி கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். மாதாந்திர ஜிஎஸ்டி அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்ய வேண்டிய 20ஆம் தேதி நெருங்கும் வாரத்தில் இதைத் தொடவே வேண்டாம்.

பட்டியலில் எண் இல்லாத பெயர் முழு வட்டையும், எண்ணுடன் கூடிய பெயர் அவ்வட்டின் ஒரு பகுதியையும் குறிக்கும். பகுதியில் நிறுவினால், உபுண்டுவின் பூட்லோடரான கிரப் தன் கோப்பு வட்டில் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் குறித்துவைத்துக்கொண்டே இயங்க வேண்டியிருக்கும். அக்கோப்பு இடம் மாறினால் கணினி திறக்காது. எனவே எஸ்டிஏ1-ஐ விட்டுவிடுங்கள்.

உபுண்டு எந்த வட்டில் இருக்கிறதோ, அந்த வட்டிலேயே பூட்லோடரும் இருக்க வேண்டும் என்பதே என் பரிந்துரை. கணினியைத் தொடக்கிவைக்கும் பழைய முறையான பயாஸ் முறையில், வட்டின் முதல் 512 பைட்டுகளில் 446 மட்டுமே தொடக்க நிரலுக்கு உரியவை. அவ்வளவு சிறிய இடத்தில் கிரப் முழுவதும் அடங்காது என்பதால், அது தன் மற்ற பாகங்களை வேறிடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் வட்டில் இந்த முதல் துண்டை எழுதிவிட்டு, பிறகு ஒருநாள் எஸ்எஸ்டியைப் பழுதுபார்க்கக் கழற்றினால், மீதிப் பாகங்கள் கிடைக்காமல் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற கறுப்புத் திரையில் கணினி நின்றுவிடும். அன்றைக்குப் பில் போட முடியாது.

பெயர்களை மட்டும் நம்பாதீர்கள். எஸ்டிஏ எது, எஸ்டிபி எது என்பது மாறக்கூடும். வட்டின் கொள்ளளவையும் மாடல் பெயரையும் பார்த்து உறுதிசெய்யுங்கள். நிறுவப் பயன்படும் பென்டிரைவும் அதே பட்டியலில் வரும். அதில் பூட்லோடரை எழுதிவிட்டு, பென்டிரைவைச் செருகினால்தான் உபுண்டு திறக்கிறது என்று திகைப்பவர்களும் உண்டு.

பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய முறையான யுஇஎஃப்ஐ-இல் நிலைமை வேறு. விண்டோசின் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தில் ‘பயாஸ் மோட்’ என்ற வரி உங்கள் கணினி எந்த முறையில் இயங்குகிறது என்று சொல்லும். பென்டிரைவையும் அதே முறையில் திறக்க வேண்டும். இங்கே பூட்லோடர் என்பது ஃபேட்32 வடிவில் உள்ள ஈஎஃப்ஐ பகுதியில் வைக்கப்படும் சாதாரணக் கோப்பு. விண்டோசின் கோப்பும் உபுண்டுவின் கோப்பும் ஒரே பகுதியில் தனித்தனி அடைவுகளில் இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், உபுண்டு 22.04 வரை இருந்த நிறுவி, பட்டியலில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், பல நேரங்களில் முதல் வட்டின் ஈஎஃப்ஐ பகுதியிலேயே கோப்பை வைத்துவிடுகிறது. மின்னிணைப்பைத் துண்டித்து, விண்டோஸ் வட்டைத் தாய்ப்பலகையுடன் இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டு உபுண்டுவை நிறுவுவதே இதற்கு நம்பகமான வழி. அப்போது எஸ்எஸ்டியிலேயே தனி ஈஎஃப்ஐ பகுதி உருவாகும்.

பிறகு கேபிளைச் செருகி, பயாஸ் அமைப்பில் எஸ்எஸ்டியை முதலிடத்தில் வையுங்கள். கணினியைத் திறக்கும்போது வரும் கிரப் பட்டியலில் விண்டோஸ் தென்படாவிட்டால் பதற வேண்டாம். 2021இல் வெளிவந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட்டு, டெர்மினலில் ‘அப்டேட்-கிரப்’ கட்டளையை, நிர்வாகி உரிமை தரும் சூடோவுடன் கொடுத்தால் விண்டோசும் பட்டியலில் வந்துவிடும்.