முதல் முறை பள்ளிக்குப் போகும் குழந்தையின் மனதைத் தயார்படுத்துவது என்றால் என்ன?

அம்மா அப்பா பக்கத்தில் இல்லாத சில மணி நேரத்தைக் குழந்தை சமாளிக்கப் பழகுவது, அவ்வளவுதான். 3, 4 வயதில் நேரக்கணக்கு பிடிபடாது. "மூணு மணிக்கு வருவேன்" என்றால் அது எப்போது என்று புரியாது. இறங்கும் இடம் தெரியாமல் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது போல. அழுகைக்கு இதுவும் ஒரு காரணம். "சாப்பிட்டு, விளையாடி முடித்ததும் வருவேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி வந்து நில்லுங்கள். முன்கூட்டியே, தெரிந்தவர் வீட்டில் அரை மணி நேரம் விட்டுப் பழக்கலாம். அப்புறம், டப்பா மூடியைத் தானே திறப்பது, "பாத்ரூம் போகணும்" என்று கேட்பது: எழுத்துகளைவிட இவைதான் முதலில் வேண்டும் என்பேன். சொல்லாமல் நழுவிவிட்டால் அழாது என்று பலர் நினைக்கிறார்கள். மறுநாள் வாசலிலேயே காலைக் கட்டிக்கொள்ளும்.