மகனோடு கேம் விளையாடலாமா? தாராளமாக, ஆனால் கடைக்காரனிடம் போனைக் கொடுக்காதீர்கள்

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார்: "மகனுக்கு 9 வயது, 4ஆம் தரம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் போன்தான். ப்ரீ பயர் விளையாடுகிறான், என்னோடு கதைப்பது நன்றாகக் குறைந்துவிட்டது. போனைப் பறித்தால் சாப்பிடாமல் கிடக்கிறான். சேர்ந்து கேம் விளையாடினால் நெருக்கம் வரும், கற்பனையும் வளரும் என்று ஒருவர் சொன்னார். டவுனில் ஒரு கடைக்காரர் 'மூளை வளர்ச்சி கேம் பக்கேஜ்' 18,000 ரூபாய்க்குப் போட்டுத் தருவாராம். எனக்கு வயல் வேலை தவிர ஒன்றும் தெரியாது. கால போக அறுவடை முடியக் கட்டார் போகிற யோசனையும் இருக்கிறது. என்ன செய்யலாம்?"

முதலில் அந்த 18,000 ரூபாயை உரத்துக்கு வையுங்கள். மூளை வளர்க்கும் பக்கேஜ் என்று ஒன்று கிடையாது. அவர் போட்டுத் தரப் போவது பிளே ஸ்ரோரில் சும்மா கிடக்கிற பத்துப் பதினைந்து கேம், அல்லது காசு கொடுத்து வாங்க வேண்டிய கேமின் களவுப் பிரதி. களவுப் பிரதியை ஏற்ற வேண்டுமென்றால் போனின் பாதுகாப்புப் பூட்டைத் திறந்துதான் ஏற்றுவார்கள், அந்த வாசலால் வேறு என்ன உள்ளே வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, சில வேளை அவருக்கும் தெரியாது. பிறகு ஒருநாள் காசு எடுக்கும்போது உறுதிப்படுத்த வங்கியிலிருந்து வருகிற ஓரீபி (OTP) இலக்கத்தை யாரோ வாசித்துக்கொண்டிருப்பான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சேர்ந்து விளையாடினால் நெருக்கம் வருமா? வரும், ஆனால் நீங்கள் நல்லாய் விளையாடத் தேவையில்லை. தெரியாதவராக இருப்பதே நல்லது. பள்ளிக்கூடத்திலும் ரியூசனிலும் நாள் முழுக்க மற்றவர்கள் சொல்லிக்கொடுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு, அப்பாவுக்குத் தான் சொல்லிக்கொடுக்கிறேன் என்பது எவ்வளவு பெரிய விசயம் என்று ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்தால் விளங்கும். அவனுடைய ப்ரீ பயரிலேயே தொடங்குங்கள், பறிக்காதீர்கள். பக்கத்தில் இருந்து "இப்ப யார் உன்னைச் சுட்டது, ஏன் அந்த வீட்டுக்குள்ள போனாய்" என்று கேளுங்கள். இரண்டு மூன்று நாளுக்குப் புத்திமதி வேண்டாம். இன்னொன்று, அந்த விளையாட்டை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. ஒரு ஆட்டம் ஏறக்குறைய பத்து நிமிடம், இடையில் விட்டுவிட்டு வந்தால் தோல்வி. நீங்கள் "உடனே வை" என்று கத்துவதும் அவன் கத்துவதும் பாதி இதனால்தான். "இந்த ஆட்டம் முடிய வை" என்று சொல்லிப் பாருங்கள், வீட்டில் சத்தம் குறையும்.

கற்பனைக்கு ப்ரீ பயர் போதாது. அதற்கு மைன்கிராஃப்ட் மாதிரி, சதுரக் கட்டைகளை அடுக்கி வீடு, ஊர் என்று கட்டுகிற விளையாட்டு வேண்டும். மைன்கிராஃப்ட் 2011இல் முழுமையாக வெளிவந்தது, காசு கொடுத்து ஒருமுறை வாங்குவது, தனியாக விளையாட டேட்டா தேவையில்லை. காசு இல்லையென்றால் லுவாண்டி என்று ஒன்று இலவசமாகவே இருக்கிறது, 2024 வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்தது. இதே தோற்றத்தில் பிளே ஸ்ரோரில் நிறையப் போலிகள், நிமிடத்துக்கொரு விளம்பரத்தோடு, அவற்றைத் தொடாதீர்கள். மைன்கிராஃப்டில் 'கிரியேட்டிவ்' முறையைத் தெரிந்தெடுத்தால் சாவு இல்லை, கட்டைகளுக்குக் கணக்கும் இல்லை, கட்டிக்கொண்டே போகலாம். கொஞ்சம் பழகியதும் 'சர்வைவல்' முறை, அதில் சாவும் உண்டு, கட்டையும் சாப்பாடும் தானே தேட வேண்டும்.

இங்கேதான் உங்கள் வயல் வேலை கைகொடுக்கும். சர்வைவலில் மண்வெட்டியால் கொத்தி விதைத்தால் கோதுமை வரும், கரட், உருளைக்கிழங்கு, பீற்றூட் வரும் (நெல் இல்லை, அது சுவீடன்காரன் செய்த கேம்). கொத்திய மண் ஈரமாக இருக்க நான்கு கட்டைத் தூரத்துக்குள் தண்ணீர் நிற்க வேண்டும். சமதரையில் ஊற்றின தண்ணீர் ஏழு கட்டைக்கு மேல் ஓடாது. அப்படியென்றால் வாய்க்காலை எங்கே வெட்டுவது, இரண்டு வாய்க்காலுக்கு நடுவில் எத்தனை வரிசை விடலாம்? இதை உங்களைவிட யார் அவனுக்குச் சொல்லப் போகிறார்கள்? முத்தையன்கட்டுக் குளத்தை ஒருமுறை கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள், கலிங்கு (மிஞ்சின தண்ணீர் வழிகிற இடம்) எது, துருசு (தண்ணீரைத் திறந்துவிடுகிற மதகு) எது, தண்ணீர் எப்படிப் பிரிந்து வயலுக்கு வருகிறது என்று. வந்து அதைப் போனில் கட்டச் சொல்லுங்கள். அணைக்கட்டு உடைந்தால் ஊர்ச்சனம் எங்கே போகும் என்று கேளுங்கள், கதையை அவன் சொல்லட்டும். அந்த விளையாட்டில் ஒரு பகலும் இரவும் சேர்ந்து 20 நிமிடம், அதனால் "இரண்டு நாள் விடிஞ்சால் காணும்" என்று நேரம் பேசலாம், மணிக்கூட்டைப் பார்த்துச் சண்டை வேண்டாம்.

ஒரு விதி: ஒரே போன், பக்கத்துப் பக்கத்தில். ஆளுக்கொரு போனோடு ஆளுக்கொரு மூலையில் இருந்தால் அது சேர்ந்து விளையாடுவதில் சேராது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, நீங்கள் கட்டார் போனால் அது உங்களுக்குத்தான். வெளிநாட்டிலிருக்கிற தகப்பன்மார் கோல் எடுத்தால் "சாப்பிட்டியா, படிச்சியா" என்ற இரண்டு கேள்வியோடு கதை முடிந்துவிடுகிறது, மூன்றாவது நிமிடம் பிள்ளை போனைத் தாயிடம் கொடுத்துவிடும். பாசம் இல்லாமல் இல்லை, கதைக்க விசயம் இல்லை. அதனால் போவதற்கு முன்னமே இரண்டு பேரும் ஒரு உலகத்தைக் கட்டத் தொடங்குங்கள், பாதியில் விட்டுவிட்டுப் போங்கள், மிச்சத்தை அவன் கட்டிப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பட்டும், நீங்கள் அங்கிருந்து பிழை பிடியுங்கள். இரண்டு நாட்டிலிருந்து ஒரே நேரத்தில் மைன்கிராஃப்டுக்குள் வருவதும் முடியும், ஆனால் அக்கவுண்ட், சிறுவர் அனுமதி என்று இழுபறி, முதலில் அதற்குள் போக வேண்டாம். அதைவிட செஸ் நல்லது. லிச்செஸ் என்ற செயலி முழுக்க இலவசம், விளம்பரமும் இல்லை, ஒரு நகர்த்தலுக்கு நாள் கணக்கில் நேரம் வைக்கலாம். நீங்கள் வேலை முடிந்து வந்து ஒரு காய் நகர்த்த, அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து பதில் நகர்த்துவான். பிள்ளைகளுக்கான முறையை அதில் போட்டுவிட்டால் முன்பின் தெரியாதவன் கதைக்க வரமுடியாது. நேரிலே கோலில் விளையாடுவதென்றால் வெள்ளிக்கிழமை பாருங்கள், அங்கே பின்னேரம் 3 மணி என்றால் இங்கே 5.30.

இப்போது டயமண்ட் விசயம். ப்ரீ பயரில் உடுப்பு, துவக்கின் நிறம் எல்லாம் டயமண்டுக்கு, அதாவது உண்மைக் காசு கொடுத்து வாங்குகிற கேம் காசுக்கு. பிள்ளைகள் சாப்பாட்டுக் காசைச் சேர்த்துக் கடையில் கொடுத்துப் போடுவிக்கிறார்கள். போடுவதற்குப் பிள்ளையின் பிளேயர் ஐடி இலக்கம் மட்டும் போதும். பாஸ்வேர்ட் கேட்கிற கடைக்காரன் அக்கவுண்டையே விற்கப் போகிறான், இதை மகனுக்கு இன்றைக்கே சொல்லுங்கள். அதைவிட மோசம் சுற்றிவிட்டு அதிர்ஷ்டம் பார்க்கிற பெட்டிகள். காசுக்கு விற்கும் இப்படிப்பட்ட பெட்டிகளைப் பெல்ஜியம் 2018இலேயே சூதாட்டம் என்றது. இங்கே 9 வயதுப் பிள்ளை ரீலோட் கடையில் நின்று சுற்றுகிறான், கேட்க ஆளில்லை. போனின் தீமைகள் என்று பனர் கட்டிக் கருத்தரங்கு வைப்பார்கள், படம் எடுப்பார்கள், வடையும் தேநீரும் வரும். வந்திருக்கிற தாய்மாரின் போனை வாங்கி ஒரு செற்றிங் மாற்றிக் கொடுக்க ஒருவரும் இல்லை. பள்ளிக்கூடத்துக் கணினி அறை பூட்டிக் கிடக்கும், திறப்பு யாரிடம் என்று கேட்டால் அவர் லீவு.

சாப்பிடாமல் கிடக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருநாள் கோபத்துக்கு அப்படிக் கிடப்பது நோய் ஆகாது. உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறு என்று ஒன்றைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, 2022இலிருந்து அது நடைமுறையில். ஆனால் கட்டுப்பாடு இழந்து, படிப்பு நித்திரை எல்லாம் கெட்டு, அது வழமையாக ஒரு வருசமளவு தொடர்ந்திருந்தால்தான் அந்தப் பெயர். அப்படி இருந்தால் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குக் காட்டுங்கள். நூல் கட்டுகிறவரிடமும் ஒன்லைனில் 'அடிமைத்தனம் நீக்கும்' வகுப்பு விற்கிறவரிடமும் போக வேண்டாம்.

கடைசியாக, போன் எங்கிருந்து வந்தது? வெளிநாட்டுச் சொந்தம் அனுப்பியது என்றால் அவர்களுடைய கூகுள் அக்கவுண்ட் இன்னும் உள்ளே இருக்கக்கூடும், அதில் அவர்களுடைய கார்ட்டும் இருக்கக்கூடும். மகன் ஒரு தட்டுத் தட்டினால் கனடாவில் மாமாவின் காசு போகும், பிறகு குடும்பத்துக்குள் யார் யாரோடு கதைக்காமல் விடுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அந்த அக்கவுண்டை எடுத்துவிட்டு உங்களுடையதைப் போடுங்கள், பிளே ஸ்ரோரின் செற்றிங்கில் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்ட் கேட்கும்படி வையுங்கள். ஏற்கெனவே காசு போயிருந்தால் 48 மணித்தியாலத்துக்குள் கூகுளிடமே திருப்பிக் கேளுங்கள். கடையில் கையில் கொடுத்த காசுக்கு அந்த வழியும் இல்லை.