மகள் மொபைல் ஆப் படிக்க வேண்டும் என்கிறாள்: கோத்தகிரி அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவெடுத்து பிளஸ் டூ முடித்திருக்கிறாள். மொபைல் ஆப் செய்யத்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். கோவையில் ஒரு பயிற்சி நிறுவனம், ஆறே மாதத்தில் வேலை நிச்சயம் என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கிறது. அதற்காகத் தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைக்க வேண்டாம். மகளின் ஆசையில் தவறில்லை, அந்த ஆறு மாதக் கணக்கில்தான் தவறு. இந்தத் துறையில் ஆள் எடுப்பவர்கள் சான்றிதழைவிட, 'நீ செய்ததைக் காட்டு' என்றுதான் கேட்பார்கள். காட்ட ஏதாவது இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் அடிப்படைக் கம்ப்யூட்டர் அறிவும் இருக்க வேண்டும். இரண்டும் பொறுமையாகச் சேர வேண்டியவை. ஆகவே பட்டப்படிப்பு பொதுவான கம்ப்யூட்டர் படிப்பாக இருக்கட்டும். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ., பி.இ. எதுவானாலும் சரி. ஆப் வேலையை அவள் கூடவே கற்றுக்கொள்ளலாம். இதற்கென்றே பெயர் வைத்த தனிப் படிப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2015இல் வந்த ரியாக்ட் நேட்டிவ், 2017இல் கூகுள் ஆதரித்த காட்லின், 2018 கடைசியில் முழுமையாக வெளிவந்த ஃப்ளட்டர் என்று ஆப் செய்வதற்கான மொழிகளும் கருவிகளும் அடுத்தடுத்து வந்துகொண்டேதான் இருக்கின்றன. புரோகிராமிங், டேட்டாபேஸ், நெட்வொர்க் தெரிந்தவருக்கு இவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது பெரிய காரியமில்லை.

இந்த வேலையில் என்ன செய்வார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும் என்று ஆனதல்லவா? மேட்டுப்பாளையம் தாண்டியதும் நினைவு வந்து, ஓடும் காரில் ஒரு கையில் போனைப் பிடித்தபடி விண்ணப்பத்தை நிரப்புகிறவரை நினைத்துப் பாருங்கள். எழுத்து படிக்கிற அளவில் இருக்க வேண்டும், பொத்தான் விரலுக்கு அகப்பட வேண்டும், பாதியில் சிக்னல் போனால் நிரப்பியது அழியக் கூடாது. அந்தத் திரை எப்படி இருக்க வேண்டும் என்று யோசிப்பவர் டிசைனர். அதை ஓட வைப்பவர் டெவலப்பர். எங்கே உடைகிறது என்று தேடிப் பிடிப்பவர் டெஸ்டர். நிதானமாகக் குறை கண்டுபிடிக்கிற குணமுள்ள பிள்ளைகளுக்குக் கடைசி வேலை நன்றாகப் பொருந்தும். யாரும் அதை ஆசையாகக் கேட்டு வருவதில்லை என்பது வேறு விஷயம்.

மகளை வெப் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். வெப் பக்கத்தை எழுதப் பயன்படும் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றுக்கும் சாதாரண லேப்டாப் போதும். இணையத்தில் இலவசமாகவே பாடங்கள் இருக்கின்றன. செய்த பக்கத்தை இணையத்தில் ஏற்றி, லிங்கை அனுப்பினால் யார் போனிலும் திறக்கும். முதல் வாரத்திலேயே அவள் ஒன்றைப் பார்ப்பாள். திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கத்தைக் காட்டு என்று சொல்கிற வியூபோர்ட் வரியை எழுதாமல் விட்டால், போன் அந்தப் பக்கத்தைக் கம்ப்யூட்டர் திரைக்கு உரியதாக எண்ணி, சுமார் 980 பிக்சல் அகலத்துக்கு வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டும். எழுத்தெல்லாம் எறும்பாகிவிடும். அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் பக்கம் போனுக்கு ஏற்றபடி வந்து உட்காரும். அதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தால் இந்தத் துறை அவளுக்கு ஒத்துவரும். சலிப்பு வந்தால் அதுவும் நல்லதுதான், செலவில்லாமல் தெரிந்துகொண்டாள்.

அடுத்து, உங்கள் வீட்டுக்கே பயன்படுகிற ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். பறித்த தேயிலைக் கொழுந்தின் கணக்கு. தினமும் பாக்டரிக்கு எத்தனை கிலோ போட்டீர்கள், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று சீட்டு வருகிறது. மாதத்துக்கு ஒருமுறை பச்சைத் தேயிலைக்கான சராசரி விலையைத் தேயிலை வாரியம் அறிவிக்கிறது. சீட்டுகளைக் கூட்டி, விலையால் பெருக்கி, பாக்டரி கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டுக் காட்டும் சின்ன ஆப் போதும். கேட்க எளிது, செய்யும்போதுதான் சங்கதி தெரியும். தோட்டத்தில் சிக்னல் இருக்காது, அதனால் எழுதியதைப் போனிலேயே எஸ்.க்யூ.லைட் என்ற சின்ன டேட்டாபேஸில் சேமித்து, சிக்னல் வந்தபின் இணையத்துக்கு அனுப்ப வேண்டும். அதே நாள் கணக்கை நீங்கள் ஒரு போனிலும் அவள் அப்பா இன்னொரு போனிலும் பதிந்தால் எதை எடுத்துக்கொள்வது? மழைக்காலத்தில் ஈரவிரல் பட்டால் திரை தப்பும் தவறுமாக உணரும். எனவே பொத்தான் பெரிதாக இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டுக்குக் கூகுள் சொல்லும் குறைந்தபட்ச அளவு 48 டி.பி. (திரையில் அளவைக் குறிக்கும் அலகு), நம் வேலைக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். தமிழ் எழுத்திலும் கவனம் வேண்டும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது, பாதியில் வெட்டுப்படும். வரி உயரம் குறைவாக இருந்தால் 'கி'யின் மேல்சுழியும் 'கு'வின் கீழ்வளைவும் நறுக்கப்பட்டுவிடும்.

நேர்முகத் தேர்வில் இதைச் சொல்லி விளக்குகிற பெண்ணை யாரும் எளிதில் ஒதுக்க மாட்டார்கள். எப்போதும் வேகமான இணையமும் விலையுயர்ந்த போனும் கையில் இருக்கிற நகரத்துப் பிள்ளைக்கு இந்தச் சிக்கல்கள் கண்ணிலேயே படாது. நாடு முழுக்க ஆப் பயன்படுத்துகிறவர்களில் ஏராளமானோர் நம்மைப் போலக் குறைந்த விலை போனும் விட்டுவிட்டு வரும் சிக்னலுமாக இருப்பவர்கள்தான். மலையில் இருப்பது குறை என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

செலவு செய்வதானால் முதலில் லேப்டாப்புக்குச் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ கனமான மென்பொருள், 8 ஜி.பி. ராமில் முக்கி முனகும், 16 இருந்தால் நிம்மதி. தகவல் சேமிக்க எஸ்.எஸ்.டி. என்ற வேகமான வகை கட்டாயம். நம்பகமான இடத்தில் பழையதாக வாங்கினாலும் பரவாயில்லை. ஐபோன் ஆப் இப்போது வேண்டாம். அதற்கு மேக் கம்ப்யூட்டர் வேண்டும், ஸ்டோரில் வெளியிட ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும். பிளே ஸ்டோருக்கு ஒரே ஒரு முறை 25 டாலர். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர், வெளியிடும் முன் குறைந்தது 12 பேரைத் தொடர்ந்து 14 நாள் ஆப்பைச் சோதிக்கும் பட்டியலில் வைத்திருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அக்கம்பக்கத்தில் கொழுந்து போடுகிறவர்களையே சேர்த்துக்கொள்ளலாம், நிஜமான குறைகளும் அவர்கள் வாயிலிருந்துதான் வரும்.

நாளெல்லாம் போனிலேயே கிடக்கிறாள் என்ற உங்கள் கவலை நியாயம்தான். என்ன செய்கிறாள் என்று கேளுங்கள். ரீல்ஸ் பார்க்கிறவள் ஆப் செய்கிறவளாகிவிட மாட்டாள். வாரம் ஒருமுறை, புதிதாகச் செய்ததைக் காட்டு என்று பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குப் புரியாத இடத்தை அவள் மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஏ.ஐ. வந்து இந்த வேலையையும் தின்றுவிடுமோ என்கிறீர்கள். சும்மா புரோகிராம் வரிகளைத் தட்டுகிற ஆரம்ப நிலை வேலைகளுக்கு நெருக்கடி வரும் என்றே நினைக்கிறேன். ஏ.ஐ. எழுதித் தருவது சரியா என்று பார்க்கத் தெரிந்தவர், பயன்படுத்துகிறவரிடம் பேசி அவருக்கு என்ன வேண்டும் என்று புரிந்துகொள்கிறவர் நிற்பார். அடிப்படைப் படிப்பை வலியுறுத்துவது இதனாலும்தான். ஆங்கிலம் பேசத் தயங்கினால் பரவாயில்லை, வாசித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் மட்டும் இன்றே தொடங்க வேண்டும். இந்தத் துறையின் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான்.

கணக்கு நன்றாக வரும் என்று எழுதியிருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். சென்னை ஐ.ஐ.டி. 2021 முதல் நடத்தும் பி.எஸ். டேட்டா சயின்ஸ் (தகவல்களை அலசி ஆராயும் துறை) பட்டப்படிப்பை வீட்டிலிருந்தே படிக்கலாம். ஜே.இ.இ. தேவையில்லை, அவர்களே வைக்கும் தகுதித் தேர்வில் தேறினால் போதும். பெயர் டேட்டா சயின்ஸ்தான், ஆனால் வெப் ஆப் உருவாக்குவதற்கென்றே இரண்டு பாடங்கள் உள்ளே இருக்கின்றன. வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். கட்டணம் குறைவல்ல, வருமானத்தைப் பொறுத்துச் சலுகை உண்டு. பாடம் ஆங்கிலத்தில் என்பதால் முதல் வருடமே இரண்டையும் சுமக்க வேண்டாம்.

வேலை என்று வரும்போது முதல் சில வருடங்கள் கோவையிலாவது இருக்க வேண்டி வரும். அனுபவசாலிகள் பக்கத்தில் உட்கார்ந்து கற்பதற்கு இணை இல்லை. அதன்பின் கோத்தகிரியிலிருந்தே வேலை பார்க்க வழி இருக்கிறது. மழைக்காலத்து மின்வெட்டுக்கு மட்டும் ஏற்பாடு வேண்டும்.

கோவைப் பயிற்சி நிறுவனத்தை மனம் இன்னும் விடவில்லை என்றால், போன வருடம் படித்தவர்களில் நாலைந்து பேரோடு நீங்களே பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். கல்லூரியில் சேர்ந்தால் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் திறன் பயிற்சி எப்படியும் கிடைக்கும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். பொறியியல் என்று முடிவெடுத்தால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி என்றால், அதற்கான சான்றிதழோடு சாதி, வருமானச் சான்றிதழ்களுக்கும் இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். கலந்தாய்வு தொடங்கிவிட்டால் அங்கே கூட்டம் தாங்காது.