கேள்வி – பதில்: கேரவன் ஜெனரேட்டரும் கன்ட்ரோல் போர்டும்

கேரவன் ஜெனரேட்டர் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டோம். பேட்டரி, வயரிங் எல்லாம் 12 வோல்ட் என்று வைத்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறோம். பெரிய பஸ் கேரவன்களில் 24 வோல்ட் இருக்கும். அங்கே இந்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடும் கேரவன். 5 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர். ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஓடுகிறது, விட்டதும் நின்றுவிடுகிறது. கன்ட்ரோல் போர்டு போய்விட்டது, புதிதாக வரவழைக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், சாலிகிராமம்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பட்டனை அழுத்தியிருக்கும்போது பெட்ரோல் பம்ப்புக்கும் இக்னிஷனுக்கும் பட்டன் வழியாகவே 12 வோல்ட் போகிறது. கையை எடுத்தபின் அதே 12 வோல்ட்டைத் தொடர்ந்து கொடுப்பது போர்டின் வேலை. ஆனால், இன்ஜின் ஓடுகிறது என்பதற்கு அத்தாட்சி கிடைத்தால்தான் கொடுக்கும். ஆல்டர்னேட்டரில் மின்சாரம் எழும்புவது ஓர் அத்தாட்சி, ஆயில் பிரஷர் ஏறுவது இன்னொன்று. சில மாடல்களுக்கு இரண்டும் வேண்டும். அத்தாட்சி வராவிட்டாலும் சரி, போர்டே கெட்டிருந்தாலும் சரி, வெளியே தெரிவது ஒரே அறிகுறிதான். அதனால்தான் நல்ல போர்டுகள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

முதலில் ஆயில் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். வண்டி சரிவில் நின்றிருந்தால் சமதளத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். சாலையோரச் சரிவில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் வண்டியில், அளவு சற்றே குறைந்த ஆயிலும் பம்ப்புக்கு எட்டாமல் போகும்.

அடுத்தது மல்டிமீட்டர். ஒருவர் பட்டனைச் சில நொடிகள் பிடித்திருக்க, இன்னொருவர் அவுட்புட் பிரேக்கருக்கு முன்னால் ஏ.சி. வோல்ட் பார்க்க வேண்டும். 220–240 வந்தால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. வைண்டிங்கிலிருந்து போர்டுக்கு வரும் சிக்னல் வயரைத் தேடுங்கள். அதன் லக் (வயர் முனையின் உலோக வளையம்) கழன்றிருக்கும், அல்லது கவசத்தின் ஓரத்தில் உரசி அறுந்திருக்கும். ஐந்தாறு வோல்ட் மட்டும் வந்தால் அது ரோட்டரில் மிச்சமிருக்கும் காந்தத்தால் வருவது. ரோட்டரைக் காந்தமாக்கும் ஃபீல்டு சுருளுக்குக் கரண்ட் போகவில்லை என்று பொருள். பல பெட்ரோல் செட்களில் ஸ்டார்ட் ஆகும்போது போர்டுதான் பேட்டரியிலிருந்து கார்பன் பிரஷ் வழியாக ஃபீல்டுக்குச் சிறிது கரண்ட் கொடுத்துக் காந்தத்தை எழுப்புகிறது. பிரஷ் தேய்ந்திருக்கிறதா, தன் கூட்டில் சிக்கி நிற்கிறதா, பிரஷ் உரசும் வளையமான ஸ்லிப் ரிங் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லிப் ரிங்கைத் தேய்க்க எமரி துணி வேண்டாம், அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தும். நைசான சாதாரண உப்புத்தாள் போதும்.

மூன்றாவது, ஆயில் பிரஷர் சுவிட்ச். இன்ஜின் நிற்கும்போது அதன் வயரைக் கழற்றி, முனைக்கும் பாடிக்கும் இடையே மல்டிமீட்டரில் கன்டினியூட்டி (இணைப்பு இருக்கிறதா என்று) பாருங்கள். பீப் அடித்தால் பிரஷர் வந்ததும் திறக்கும் வகை. இந்த வகையில் வயரைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து பட்டனை விட்டபோது இன்ஜின் தொடர்ந்து ஓடினால், குற்றவாளி போர்டு அல்ல. சுவிட்ச் கெட்டிருக்கிறது, அல்லது உண்மையிலேயே பிரஷர் இல்லை. பத்து நொடிக்கு மேல் இப்படி ஓட்டாதீர்கள். சுவிட்ச் இருந்த துளையில் ஒரு பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் புது சுவிட்ச் போட வேண்டும். வயரைக் கழற்றிய நிலையிலேயே வாடகைக்கு விடும் வண்டிகள் உண்டு. ஆயில் தீர்ந்த அன்று அந்த இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

இத்தனையும் சரியாக இருந்தும் நின்றால், அப்போது போர்டைக் கழற்றலாம்.

கேள்வி: ஈ.சி.ஆரில் நிறுத்தியிருந்த வண்டி. மழைக்காலம் முடிந்து எடுத்தபோது ஜெனரேட்டர் ‘டிக் டிக்’ என்று மட்டும் சொல்கிறது, செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றவில்லை. ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) மாற்றியாயிற்று. போர்டில் பச்சை பூத்திருக்கிறது. சுத்தம் செய்தால் பிழைக்குமா?
– வாசகர், நீலாங்கரை

பதில்: பெரும்பாலும் பிழைக்கும். ஆனால் அந்த டிக் டிக் போர்டிலிருந்து வருவதாக இருக்காது. ரிலே பிடித்ததும் செல்ஃப் கரண்ட் இழுக்க, வோல்டேஜ் விழுந்து ரிலே விட்டுவிடுகிறது. வோல்டேஜ் ஏறியதும் மறுபடி பிடிக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளிலேயே அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது 12.6, அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. போனால் பேட்டரியைப் பாருங்கள். போகாவிட்டால், மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளில் கோளாறு. ஜெனரேட்டர் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருப்பதால் சேஸிஸ் வழியாக அதற்கு எர்த் கிடைக்காது, அந்த ஒரே கேபிள்தான். உப்புக்காற்றில் அதன் லக் உள்ளுக்குள் பொடிந்திருக்கும், வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும்.

இனி போர்டு. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகு கனெக்டரை எடுங்கள். எடுப்பதற்கு முன் போனில் நான்கு கோணத்தில் படம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் போதும். கனெக்டர் விரல்களை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்கே மறுபடி பச்சை பூக்கும். நன்றாகக் காய்ந்தபின் லென்ஸ் வைத்து அடிப்பக்கம் பாருங்கள், குறிப்பாக ரிலே, கனெக்டர் போன்ற கனமான உறுப்புகளின் கால்களை. அதிர்விலேயே வாழும் போர்டு இது. காலைச் சுற்றி மயிரிழை அளவு கறுப்பு வளையம் தெரிந்தால் சால்டர் வெடித்திருக்கிறது. விரலால் ரிலேயை லேசாக அசைத்தால் கால் மட்டும் தனியே ஆடுவதும் தெரியும். மேலேயே ஒரு பொட்டு வைக்காமல், பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு 60/40 ஈயத்தால் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். அரைகுறை இணைப்பு பணிமனையில் வேலை செய்யும், படப்பிடிப்புத் தளத்தில் நின்றுவிடும்.

எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் தலை உப்பியிருந்தால் அதே மைக்ரோஃபேரட். ஆனால் 35 அல்லது 50 வோல்ட், 105 டிகிரி வகை கேளுங்கள். சார்ஜ் ஆகும்போது லைனில் 14.4 வரை போகும், ரிலே விடும்போது அதற்கு மேலும் துள்ளும். ரிலே காயிலுக்கு இணையாக இருக்கும் டயோடையும் சோதியுங்கள். அது போயிருந்தால் ரிலேயை ஓட்டும் டிரான்சிஸ்டரை மாற்றினாலும் அதுவும் போகும். சென்னை ரிட்சி தெருவில் இவை அத்தனையும் கிடைக்கும். பழைய உறுப்பைக் கையோடு கொண்டுபோங்கள். முடிவில் கனெக்டரை டேப்பால் மூடிவிட்டு, அக்ரிலிக் பூச்சு ஸ்பிரேயை இரண்டு முறை மெல்லிசாக அடியுங்கள்.

கேள்வி: பழைய 3 சிலிண்டர் டீசல் செட். அதன் போர்டு இப்போது எங்கும் கிடைப்பதில்லை. சாதாரண கார் ரிலேக்களை வைத்து வயரிங் செய்துகொள்ள முடியுமா? பாதுகாப்பு போய்விடக் கூடாது.
– வாசகர், அம்பத்தூர்

பதில்: முடியும். ஆயில் பிரஷர் இல்லாவிட்டால் நிற்க வேண்டும், சூடேறினால் நிற்க வேண்டும், ஓடத் தொடங்கியதும் செல்ஃப் விட வேண்டும். இந்த மூன்றையும் விட்டுக்கொடுக்காத வயரிங்தான் நமக்கு வேண்டும்.

வேண்டிய பொருள்: 12 வோல்ட் 40 ஆம்பியர் ரிலே மூன்று, ஹீட்டர் பிளக்குக்கு (ஸ்டார்ட் செய்யுமுன் சிலிண்டரைச் சூடாக்குவது) 70 ஆம்பியர் ரிலே ஒன்று, பேஸுகள், 1என்4007 டயோடு ஏழெட்டு, ஃபியூஸ் பெட்டி. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரே கடையில் பாதிக்கு மேல் முடிந்துவிடும். கன்ட்ரோல் வயர் 1.5 சதுர மி.மீ. போதும். ஹீட்டர் பிளக் ஒவ்வொன்றும் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். மூன்றுக்கும் சேர்த்து 6 சதுர மி.மீ. வயர், 40 ஆம்பியர் ஃபியூஸ்.

ஆயில் சுவிட்ச்தான் முதல் தீர்மானம். பழைய செட்டில் இருப்பது பெரும்பாலும் பிரஷர் வந்ததும் திறக்கும் வகை, எச்சரிக்கை விளக்குக்காக வைத்தது. அதை வைத்துச் செய்தால் வயர் அறுந்த நாளில் ‘பிரஷர் நன்றாக இருக்கிறது’ என்றே சர்க்யூட் நினைத்துக்கொள்ளும். அதை மாற்றி, பிரஷர் வந்ததும் மூடும் வகையைப் போடுங்கள். இதில் வயர் அறுந்தால் இன்ஜின் நிற்கும். டெம்பரேச்சர் சுவிட்சும் அப்படியே: சூடேறினால் திறக்கும் வகை.

இனி இணைப்பு. ரிலேயின் கால் எண்களில் 85, 86 காயிலின் இரு முனைகள், 87 கரண்ட் வெளியே போகும் முனை. இன்ஜினை ஓட வைத்திருப்பது ரன் ரிலே, செல்ஃபை இயக்குவது ஸ்டார்ட் ரிலே. 10 ஆம்பியர் ஃபியூஸிலிருந்து ஆன்–ஆஃப் சுவிட்ச், அங்கிருந்து டெம்பரேச்சர் சுவிட்ச், அங்கிருந்து ரன் ரிலேயின் 86. ரன் ரிலேயின் 85 நேராக ஆயில் சுவிட்ச்சுக்கு. அது பிரஷர் வந்ததும் பாடிக்கு எர்த் கொடுக்கும். ஸ்டார்ட் ரிலேயின் 86-உம் ஆன்–ஆஃப் சுவிட்சிலிருந்தே. அதன் 85 ஸ்டார்ட் பட்டனுக்கு. பட்டனின் மறுமுனை எர்த்.

ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் பிரஷர் இராது, ஆனாலும் ரன் ரிலே பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு 1என்4007 டயோடு: கோடு போட்ட முனை ஸ்டார்ட் ரிலேயின் 85 பக்கம், மறுமுனை ரன் ரிலேயின் 85 பக்கம். பட்டனை அழுத்தினால் இரண்டு ரிலேக்கும் எர்த் கிடைக்கும். விட்டதும் ரன் ரிலேயை ஆயில் சுவிட்ச் பிடித்துக்கொள்ளும், ஸ்டார்ட் ரிலே விட்டுவிடும். டயோடுக்குப் பதில் வெறும் வயரைப் போட்டால், பிரஷர் ஏறியதும் ஆயில் சுவிட்சே ஸ்டார்ட் ரிலேக்கும் எர்த் கொடுத்துவிடும். ஓடும் இன்ஜினோடு செல்ஃபும் சேர்ந்து சுற்றிக் கருகும். திருப்பி மாட்டினாலும் அதே கதைதான். மாட்டும் முன் டயோடை மீட்டரில் ஒருமுறை சோதியுங்கள்.

ஃபியூயல் சாலினாய்டில் (டீசலைத் திறந்து மூடும் மின்காந்தம்) இரண்டு காயில் இருக்கும் வகையா என்று பாருங்கள், மூன்று வயர் வந்தால் அதுவே. இழுக்கும் காயில் பல பத்து ஆம்பியர் எடுக்கும், பிடித்து வைக்கும் காயிலுக்கு ஒரு ஆம்பியர் போதும். பிடிக்கும் காயிலை ரன் ரிலேயின் 87-இல் கொடுங்கள். இழுக்கும் காயிலுக்குத் தனி ரிலே (மூன்றாவது 40 ஆம்பியர் ரிலே இதற்குத்தான்), அதன் காயில் செல்ஃப் சிக்னலிலிருந்து. இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிடுவது பழைய போர்டைக் கழற்றிய பிறகு அதிகம் நடக்கும் தவறு. சாலினாய்டு சில நிமிடத்தில் புகையும். சாலினாய்டோடு இணைந்த கம்பியைச் சரிசெய்யாமல், அதன் உள்ளே போகும் தண்டு முழுதும் போய் உட்காராவிட்டாலும் இதே கதி. ரிலே, சாலினாய்டு காயில் ஒவ்வொன்றுக்கும் இணையாக ஒரு டயோடு, கோடு பாசிட்டிவ் பக்கம்.

செல்ஃபை 10 நொடிக்கு மேல் அடிக்காதீர்கள், இடையில் ஒரு நிமிடம் விடுங்கள். போர்டு இருந்தபோது இந்தக் கணக்கை அது பார்த்துக்கொண்டிருக்கும், இனி உங்கள் பொறுப்பு. ஓவர் ஸ்பீடு பாதுகாப்பும் இந்த வயரிங்கில் இல்லை. இரண்டும் வேண்டுமென்றால் ரெடிமேட் ஜென்செட் கன்ட்ரோலர் மாட்யூல் வாங்கி இதே சுவிட்சுகளை அதில் இணைக்கலாம். 1500 ஆர்.பி.எம். செட்டில் அதிர்வெண் 20 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் செல்ஃபை விடச் சொல்லி அமையுங்கள். அது 600 ஆர்.பி.எம்., செல்ஃப் மட்டும் சுற்றி அந்த வேகம் வராது. தினமும் தெரியாத ஆட்கள் கையில் போகும் வாடகை வண்டிக்கு எங்கள் ஓட்டு மாட்யூலுக்குத்தான்.

ரிலே பெட்டியை ஜெனரேட்டர் கூண்டுக்குள் வைக்காதீர்கள். கத்திரி வெயிலில் கூண்டுக்குள் இருக்கும் சூட்டைச் சொல்ல வேண்டியதில்லை. வண்டிப் பெட்டியின் உள்ளே வைத்து, இரண்டுக்கும் இடையில் வயரை வளைவாகத் தொங்கவிட்டு நெளிவுக் குழாயில் போட்டுக்கொண்டு போங்கள். வயர் இரு முனையிலும் எண் ஸ்லீவ், வரைபடத்தை லேமினேட் செய்து பெட்டி மூடியின் உட்புறம்.

கேள்வி: இறக்குமதி மோட்டார்ஹோமில் 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டர். இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் குறைத்து 50 ஹெர்ட்ஸ் ஆக்கினால் நம்மூர் ஏ.சி. ஓடுமா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: ஓடாது. 1800-லிருந்து 1500 ஆர்.பி.எம்.முக்கு இறக்கினால் ஹெர்ட்ஸ் சரியாகும், 230 வோல்ட் வராது. இன்ஜின் சக்தியும் குறையும், வேகம் குறைந்த நிலையில் ஏ.வி.ஆர். (வோல்டேஜை நிலையாக வைக்கும் கருவி) வோல்டேஜைத் தூக்க முயன்று ஃபீல்டைச் சூடாக்கும். அந்தச் செட்டுக்கு அதன் ஊர்ச் சாமான்களையே ஓட்டுங்கள்.

கேள்வி: வயரிங் மாற்றியபின் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டோம். டெஸ்ட் பட்டனில் விழுகிறது. ஆனால் லைனை டெஸ்ட் லாம்ப் வழியாக பாடிக்குக் கொடுத்தால் விழவில்லை. மின்வாரிய லைனில் இருக்கும்போது விழுகிறது.
– வாசகர், வடபழனி

பதில்: ஜெனரேட்டரின் நியூட்ரல் எதனோடும் சேராமல் மிதக்கிறது. கசிவு திரும்பிப் போக வழியில்லாததால் ஆர்.சி.சி.பி.க்கு வித்தியாசம் தெரியவில்லை. டெஸ்ட் பட்டன் லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே தனக்குள்ளேயே ஒரு சுற்றை உண்டாக்குவதால் அது மட்டும் விழும். ஆர்.சி.சி.பி.க்கு முன்னால், ஜெனரேட்டர் பக்கம், நியூட்ரலை ஜெனரேட்டர் பாடியோடும் வண்டி சேஸிஸோடும் சேர்க்க வேண்டும். மின்வாரிய லைனில் இருக்கும்போது இந்த இணைப்பு வண்டியில் இருக்கக் கூடாது. ஆகவே லைன், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சே போடுங்கள், நியூட்ரலைப் பொதுவாக விட்ட மலிவு சுவிட்ச் வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சேஞ்ச் ஓவருக்குப் பின்னால் வரட்டும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். செய்து முடித்ததும் நீங்கள் செய்த அதே டெஸ்ட் லாம்ப் சோதனையை இரண்டு நிலையிலும் செய்து காட்டச் சொல்லுங்கள்.